நான்காம் காட்சிமுனை

நகராட்சி எங்களுக்குக் கொடுத்தவை:
சிவப்பு ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா,
இரண்டு தூரிகை,
நான்கு வட்டம் போட்ட ஒரு வரைபடம்.
வட்டமெல்லாம் காட்சிமுனைகள் என்றார் அதிகாரி.
நாற்காலியைவிட்டு எழாமலே
மலையைப் பார்த்து முடித்தவர்.

ஸ்தெர்னாவின் கடைசி வீட்டோடு
படிக்கட்டு தீர்ந்துவிடும்.
மேலே ஆடுகள் போட்ட பாதை.
கோஸ்மா முன்னால், முதுகில் வண்ணம்.
நான் பின்னால், முழங்காலில் நேற்றைய சிராய்ப்பு.
பத்துக் கல்லுக்கு ஒரு கல்,
சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு.
தொலைந்துபோக ஆசைப்படுகிறவன்
இனி எங்கள் மலைக்கு வந்து பயனில்லை.

முதல் முனை சுலபம்.
ஆலிவ் தோப்பு சட்டென்று முடிகிற பாறை.
காலடியில் விரிகுடா,
அதில் நகம் கிழித்ததுபோல் ஒரு படகின் தடம்.
கோஸ்மா தக்காளியைக் கடித்தபடி
ஐந்து நட்சத்திரம் என்றான்,
ஓர் ஆட்டிடம்.

இரண்டாவது
வரைபடத்தில் உண்டு, மலையில் இல்லை.
வட்டம் விழுந்த இடத்தில் முட்புதர்,
பன்னிரண்டு தேன்பெட்டி,
வலைத்தொப்பியோடு பொலிக்ஸேனி.
யார் வரப்போகிறார்கள் என்றாள், எதைப் பார்க்க?
கடலை என்றோம்.
அது ஒளிந்தா கிடக்கிறது என்றாள்.
ரொட்டியில் தேன் வழிய வழியத் தந்தாள்.
சொட்டு ஒன்று இரண்டாம் வட்டத்தில் விழுந்தது.
அடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவதில் மேகம்.
நட வேண்டிய பலகை என் மடியில்,
அல்பேனிய மொழியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி:
"இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தெரியும்."
எனக்கு என் கை தெரிந்தது.
கோஸ்மாவின் இருமல் தெரிந்தது.
ஒரு மணி நேரம் காத்து,
தெரியாத திசையைப் பார்க்க வைத்து
ஆணியடித்தோம்.

பிறகு மாயா எ டெலேவே,
ஆடுகளின் உச்சி.
மேகம் இப்போது கீழே.
உச்சியில் எங்களுக்கு முன்பே வந்து
உட்கார்ந்திருந்தது பதுங்கறை,
கான்கிரீட் காளான்,
கடலைப் பார்த்து ஒற்றைக் கீறல் கண்.
அந்நாளில் இதில் இருந்தவனுக்குக்
கடலைப் பார்ப்பது வேலை.
ஊர்க்காரர்களுக்கு இங்கே ஏறுவதே குற்றம்.
எதிர்த்தீவுக்கு யாராவது நீந்துகிறார்களா என்று
இரவெல்லாம் பார்த்தானாம்,
அதற்குமுன் கடலையே பார்த்திராத
வடக்குமலைப் பையன்.

உள்ளே ஆட்டுப்புழுக்கை, குளிர்.
தீக்குச்சி கிழித்தேன்.
சுவரில் ஆணியால்: ப்ரெல், 1984.
அதன்கீழ் கோடுகள்,
இரவுக்கு ஒன்றாய் இருக்கலாம், ஐந்தைந்தாய்க் கட்டி.
எண்ணினேன். எழுபத்து மூன்று.
எழுபத்து நான்கு கோடு இல்லை,
சிறு வட்டம்.
அதற்கடியில் நெளிநெளியாய் இரண்டு அலை.
அப்புறம் மறுபடி கோடுகள்,
ஒன்றும் நடக்காததுபோல்.

நிலாவை வரைந்திருக்கிறான் என்றான் கோஸ்மா.
நிலாவுக்கு எதற்கு
மூக்குவரை தண்ணீர்?
கேட்கவில்லை.
தீக்குச்சி விரலைச் சுட்டது.

உள்ளே வண்ணம் பூசவில்லை நாங்கள்.
வெளியே கூரையில் மட்டும்
ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை வெள்ளை.
வரைபடத்தை மடிக்குமுன்
நான்காம் வட்டத்தைக் கொஞ்சம் பார்த்தேன்.
அதிகாரி போட்டதுதான்.
பேனா மை, வேறொன்றுமில்லை.

இறங்கும்போது வெளிச்சம் சரிந்திருந்தது.
திறந்த டப்பாவில் மூக்கை நுழைத்து,
கொம்பை நுழைத்து,
சிவப்புக் கொம்போடு ஓடியது ஒரு கிடா.
கோஸ்மா துரத்தினான், திட்டினான்,
கல்லில் உட்கார்ந்து சிரித்தான்.
பாதையில்லாத சரிவில்
எங்கள் குறி ஏறிப்போய்க்கொண்டிருந்தது.
நாளை எவனாவது அதைப் பின்தொடர்வான்.
தொடரட்டும்.
எந்த முனைக்குக் கூட்டிப்போகிறதென்று
எங்களுக்கும் தெரியாது.