எல்லாம் அசல், ஒன்றைத் தவிர

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்:
அறுபத்துமூன்றாம் ஆண்டு. கடல்நுரைப் பச்சை.
எல்லாம் அசல், ஒன்றைத் தவிர.
அந்த ஒன்று எதுவென்று போனில் சொல்ல மறுத்துவிட்டார்
வெண்டல் ஹூடாக்.
"வந்து பார். கண்டுபிடித்தால் குறைத்துக் கொடு."

பிப்ரவரி. ஆக்ரன் நகரத்து நடைபாதைகளில்
பனி அழுக்குப் பஞ்சாய்க் கிடந்தது.
மூடிய டயர் ஆலையின் புகைபோக்கியைத் தாண்டி
இடப்பக்கம் நாலாவது வீடு.

சமையலறை மேசைமேல் பெட்டியைத் திறந்தார்.
ஆரஞ்சு வெல்வெட். ஒரு சலவை ரசீது.
நாற்பது வருடக் கல்யாணங்களில்
போல்கா வாசித்த வேர்வையின் புளிப்பு.

நான் என் கருவிகளைப் பரப்பினேன்:
திருப்புளி மூன்று, ஊதா விளக்கு,
பல் மருத்துவர் வாய்க்குள் விடும் சிறு கண்ணாடி.
இதுதான் என் பிழைப்பு:
வாசிக்கத் தெரியாத கைகளால்
வாசித்த கைகளை விசாரிப்பது.

கழுத்தைக் கழற்றினேன். அடியில் பென்சிலால் ஒரு தேதி,
யாரோ ஒருத்தியின் முதலெழுத்து. சரி.
சுருளின் செம்பு மயிரிழை, சரி.
ஈயப் பற்று வெந்த மீன்கண்ணாய் வெளுத்திருந்தது,
யாரும் தொடவில்லை.
ஊதா ஒளியில் பழைய மெருகு
மஞ்சள் பாசிபோல் மினுங்கிற்று, திட்டு இல்லாமல்.
முதுகில் பெல்ட் கொக்கி கீறிய கீறல்கள். அவையும் அசல்.
எங்கள் தொழிலில் காயத்துக்குச் சான்றிதழ் உண்டு;
ஆற்றிய காயத்துக்குத்தான் விலை குறையும்.

ஒரு மணி நேரம். காப்பி ஆடை கட்டியது.
குற்றம் அகப்படவில்லை.
அவரோ சீட்டாடுகிறவன் முகத்தோடு
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மகள் கொரீன்,
நகரப் பேருந்து ஓட்டும் சீருடையில்.
இந்த மாதிரி வீடுகளில் மகள்கள் அழுவார்கள்;
கைக்குட்டை வைத்திருக்கிறேன்.
அவள் பூட்ஸை உதறினாள்,
கிதாரை எடுத்து ஒரே ஒரு முறை மீட்டினாள்.
மின்சாரம் இல்லாத மின் கிதார்
கொசுவின் குரலில்தான் பேசும்.
"கூரை ஒழுகுகிறது" என்றாள்,
அதுவே போதும் என்பதுபோல.
பிறகு, "அப்பா, கம்பியைச் சொன்னாயா?"

கம்பி: நாதத்தை நடுங்கவைக்கும் வளைந்த கைப்பிடி.
வந்ததும் நான் கழற்றி, தடவிப் பார்த்து,
தலையாட்டி ஓரமாய் வைத்தது.
போலி.
என் காது மடல் சுட்டது.
"அசல் லொடலொடவென்று ஆடும்" என்றார் வெண்டல்,
"வாசிக்கப் போலிதான் நல்லது."

அறுநூறு டாலர் குறைத்தேன்.
சரி என்றார்கள் இருவரும், ரொம்பச் சீக்கிரம்.

கொரீன் அடுப்பருகே போனாள்.
கயிறு அறுந்த சன்னல் ஒன்று, பாதி திறந்து.
அது விழாமல் முட்டுக்கொடுத்து நின்றது
பத்தொன்பது வருடமாய்
எண்ணெய்ப் பிசுக்கேறி ஒரு வளைந்த கம்பி.
"இது தனி. எண்ணூறு."

அவள் சில்லறை எண்ணிப் பழகியவள்.
நானும் பேரம் பேசிப் பழகியவன்.
எழுநூற்றுத் தொண்ணூறு.

கம்பியை இழுத்ததும் சன்னல் தடாலென்று விழுந்தது.
வெட்டிய கழுத்துபோலத் தெருச்சத்தம் நின்றது.
குழம்பின் ஆவி கண்ணாடியில் முட்டித் திரும்பியது.
மூவரும் அதையே பார்த்தோம்.
என் நீளத் திருப்புளியை எடுத்து
சன்னலுக்குக் கீழே செருகினேன்.
கச்சிதம்.

இப்போது நெடுஞ்சாலையில், ஹீட்டர் வெப்பத்தில்,
வண்டி முழுக்க வெங்காய வாசம்.
வாங்கப்போகிறவர் கண்ணாடிப் பேழையும்
அதற்குள் ஈரமானியும் தயாராய் வைத்திருக்கிறார்.
போனில் கேட்கிறார்:
கம்பி அசல்தானே?
அசல்தான்.
துடைத்துவிடவில்லையே?