நீடாமங்கலம் கேட்

பதினோரு மணி என்றுதான் மெயிலில் இருந்தது.
பத்துப் பத்துக்கே கூப்பிட்டுவிட்டார் திவான், குர்கானிலிருந்து.
தஞ்சாவூரில் மாமி மகள் வீட்டு வைஃபை
இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.
நாங்கள் நீடாமங்கலம் கேட்டில் நின்றோம்.
முன்னால் ஒரு பால் டேங்கர்,
நாகூர் போய்த் திரும்பும் வேன்,
வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஒருவன்.

"இப்போது பேசலாமா?"
பேசலாம் என்றேன். வேறென்ன சொல்வது?
பைக் சீட்டு மேசையானது.
உரக்கடை ரசீதின் முதுகு, தாள்.

காசைச் சுண்டிக்கொண்டே இரு.
தலை, அடுத்ததும் தலை.
சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்?
ஆறு.
தலை, அடுத்தது பூ?
நாலு.
ஒரே காசுதானே, ஏன் ஒரே விடை இல்லை?

பூவுக்குக் காத்திருப்பவள் தவறவிட்டாலும்
கையில் ஒரு தலை மிஞ்சியிருக்கும் சார்.
தலைக்குக் காத்திருப்பவள் தவறவிட்டால்
மறுபடி ஒன்றிலிருந்து.

இதற்கு முன் ஏழு கம்பெனி.
ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து.
அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்து பஸ்.
இரண்டு பஸ்களுக்கு நடுவே
பாதி முறை ஐந்து நிமிடம், பாதி முறை இருபத்தைந்து.
நீ பாட்டுக்குப் போய் நிற்கிறாய்.
நீண்ட இடைவெளியில் மாட்டியிருக்க வாய்ப்பு?

பாதி என்றுதான் நாக்கு முந்தும்.
ஆனால் இந்த கேட்டில் நின்றவன் எவனும் பாதி என்று சொல்லமாட்டான்.
ஐந்து நிமிட அடைப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது;
இருபத்தைந்து நிமிடம்தான் ஊரையே பிடித்து வைத்திருக்கும்.
ஆறில் ஐந்து, என்றேன்.
"நிச்சயமா?"
"அதில்தான் சார் நின்றுகொண்டிருக்கிறேன்."

அவர் சிரித்தாரா, சிக்னல் விட்டதா தெரியவில்லை.
ரயில் வந்துவிட்டது.

"என்ன சத்தம்?"
கூட்ஸ்.
"எத்தனை பெட்டி? எண்ணாதே. விலை சொல்.
பெட்டிக்கு ஒரு ரூபாய்.
என்ன விலைக்கு வாங்குவாய், என்ன விலைக்கு விற்பாய்?"

இது என் ஊர்ப் பக்கத்து ரயில்.
நெல் மூட்டை ஏற்றிப் போகும் கூட்ஸுக்கு
நாற்பத்திரண்டு பெட்டி. மனப்பாடம்.
நாற்பத்தொன்றுக்கு வாங்குகிறேன்,
நாற்பத்துமூன்றுக்கு விற்கிறேன் என்றேன்,
இழுத்து மூடிய சட்டைப் பொத்தான்போல.

"நாற்பத்துமூன்றுக்கு வாங்கிவிட்டேன்."

அப்போதுதான் ரசீதைப் பார்த்தேன்.
நான் போட்ட ஆறில் ஐந்தின்மேல்
பொடிப்பொடியாகக் கறுப்பு.
ஜியாவின் வெள்ளைச் சட்டைத் தோளிலும்.
காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி.
நாற்பத்திரண்டு போய், ஐம்பது போய்,
இன்னும் வந்துகொண்டே இருந்தது.

ஐம்பத்தெட்டு.
கடைசியில் கார்டு பெட்டி.
அதையும் எண்ணுவதா என்று கேட்டேன்.
"வாங்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும்," என்றார்.
பதினைந்து ரூபாய் நஷ்டம், அல்லது பதினாறு.

"கண்ணால் பார்ப்பவள் நீ.
நான் இங்கே சத்தத்தை மட்டும்தான் கேட்கிறேன்.
ஏன் தோற்றாய்?"

தெரிந்த ரயில் என்று நினைத்தேன் சார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"சரி," என்றார். அது எந்தச் சரி என்று
எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.
மெயில் வரும் என்றார். வைத்துவிட்டார்.

கேட் தூக்கினார்கள்.
இந்தப் பக்கத்து வண்டியெல்லாம் சாலையை முழுசாக அடைத்து,
அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் சாலையை முழுசாக அடைத்து,
தண்டவாளத்தின் நடுவில் முட்டிக்கொண்டு
ஹாரன் அடித்தார்கள்.
டேங்கருக்கும் வேனுக்கும் இடையில் பைக்கை நுழைத்தபடி
ஜியா கேட்டான்:
"கெடைச்சிடுமா லாத்தா?"

நூற்றுக்கு இருபதுன்னா வாங்குவேன்,
எண்பதுன்னா விற்பேன்.

"ஒண்ணும் தெரியாதுன்னு
நேராச் சொல்லேன்," என்றான்.