எழுபத்தைந்துக்கு ஒன்று குறைய

புயற்காற்று என்றால் என்ன என்று
எங்கள் பாலிசியின் பதினொன்றாம் பக்கம் சொல்கிறது:
மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டருக்குக்
குறையாமல் வீசுவது.
அதற்குக் கீழே வீசுவதெல்லாம்
வெறும் வானிலை.

இதை த்ரியெஸ்தேயில் சொல்லிப் பாருங்கள்.
மலையிலிருந்து போரா இறங்கும் நாட்களில்
பிடித்துக்கொண்டு நடக்கத்
தெருவோரம் கயிறு கட்டிய ஊர் இது.
குப்பைத்தொட்டிகள் தாமாகவே இடம் மாறும்.
நிறுத்திவைத்த ஸ்கூட்டர்கள்
முதல் வண்டி சாய்ந்தால் போதும், கடைசி வண்டிவரை சாயும்.
மறுநாள் காலை என் மேசையில் நாற்பது கோப்புகள்.

பத்தொன்பது வருடமாயிற்று.
வேலை எப்படி நீவெஸ் என்று கேட்பவர்களிடம்
முதலில் சம்பளத்தைச் சொல்வேன்.
இருபத்தேழாம் தேதி ஒருமுறையும் தவறியதில்லை.
டிசம்பரில் பதின்மூன்றாம் மாதம் ஒன்று வரும்,
நாட்களே இல்லாமல், பணமாக மட்டும்.
என் கடைவாய்ப் பற்கள் இரண்டும் கம்பெனி கட்டியவை.
கேன்டீனில் உருளைக்கிழங்கு மோசம். காபி பரவாயில்லை.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு.
அந்நியர் வீட்டுக்குள் எனக்கு வழி இருக்கிறது.
ஈரம் பூத்த சுவரைக் காட்டப்
படுக்கையறைவரை கூட்டிப்போகிறார்கள்.
எந்தத் தம்பதி தனித்தனி அறையில் தூங்குகிறார்கள்,
யார் வீட்டுப் பியானோவில் சலவைத்துணி மடித்திருக்கிறது,
எல்லாம் தெரியும்.
பாதிரியாரிடம் சொல்லாததையும்
என்னிடம் சொல்கிறார்கள்,
ரசீதோடு.

முஜ்ஜாவில் வெள்ளம் புகுந்தபோது
ஒரு தையல்காரிக்கு ஒன்பதே நாளில்
நாற்பத்தோராயிரம் யூரோ வாங்கிக் கொடுத்தேன்.
அவள் நன்றி சொல்லவில்லை.
எதற்குச் சொல்ல வேண்டும்?
அவள் கட்டிய பணம்.

மீன்கடை எஜிதியோவுக்கு மட்டும்
எட்டு வருடத்துக்கு முன் 'இல்லை' எழுதினேன்.
பெயர்ப்பலகை, துருப்பிடித்த ஆணி, பராமரிப்புக் குறைவு.
'இல்லை' என்று நாங்கள் எழுதுவதில்லை,
'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்போம்.
வருத்தம் முன்பே அச்சாகியிருக்கும்.
பெயரையும் தேதியையும் நான் சேர்ப்பேன்.
அன்றிலிருந்து அவர் எனக்கு மட்டும்
தராசின் முகத்தைத் திருப்பிக் காட்டி
இரண்டு முறை நிறுக்கிறார்.

பிப்ரவரியில் லிவியோ ஷ்கெர்க் வந்தார்.
முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
புகைபோக்கி பெயர்ந்து கூரையைத் துளைத்திருந்தது:
இரண்டாயிரத்து முந்நூறு யூரோ.
அந்த இரவு அளவுநிலையத்தின் கணக்கு
எழுபத்து நான்கு.

"உங்கள் கருவி கீழே அலைதாங்கியில் இருக்கிறது.
என் புகைபோக்கி மேலே குன்றில் இருந்தது" என்றார்.
இருந்தது என்பதை அழுத்தவில்லை.
எனக்குத்தான் அழுத்தமாகக் கேட்டது.

மேலாளர் துல்லியோவிடம் போனேன்.
"எழுபத்து நாலுக்கு இடம் கொடுத்தால்
எழுபத்து மூன்று மடம் பிடுங்கும்" என்றார்.
அவர் கெட்டவராக இருந்திருந்தால்
அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.
அவர் சொன்னது சரி.
தையல்காரியின் பணமும் அதே பெட்டியில்தான் இருந்தது.

கடிதம் பெற்றதற்குக் கையெழுத்துப் போட
லிவியோ என் பேனாவைக் கேட்டார்.
மூடியைக் கவனமாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தரைக்கு நான் கிளம்பும்போதும்
வரவேற்பறையில் கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.
வாசல் கதவைக் காற்று அழுத்திப் பிடித்திருந்தது.
தோளைக் கொடுத்துத் திறந்தார்,
நான் வெளியே வரும்வரை தாங்கி நின்றார்.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.
"இப்போது எவ்வளவு இருக்கும்?" என்றேன்.
கடலைப் பார்த்தார்.
கால்களைச் சற்று அகட்டி,
இல்லாத ஒரு கேபினில் நின்றார்.
"அறுபத்தெட்டு."

பேருந்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன்.
ஐந்து முப்பத்திரண்டு, அலைதாங்கி நிலையம்:
அறுபத்தெட்டு.

இருபத்தேழாம் தேதி சம்பளம் வந்தது.
மாலையில் அரைக் கிலோ மத்தி வாங்கினேன்.
எஜிதியோ தராசைத் திருப்பினார்.
இரண்டு முறை நிறுத்தார்.