மூன்று புள்ளிகள்

சோஹார். ஆண்கள் வார்டு. இரவு இரண்டு பத்து.
கேம்ப் சாப்பாட்டில் விழுந்த பதினோரு பேரில்
இருவர் அண்ணன் தம்பி.
இசக்கிராஜ். இசக்கித்துரை.
பாஸ்போர்ட்டில் இருவருக்கும்
அப்பா பெயர்தான் முன்னால் நிற்கிறது:
பொன்னுலிங்கம்.

நான் வரைந்த கட்டத்துக்குள்
பதினெட்டு ஆங்கில எழுத்துக்குத்தான் இடம்.
பொன்னுலிங்கம் இசக்கி...
பொன்னுலிங்கம் இசக்கி...
மிச்சத்தை மூன்று புள்ளிகள் விழுங்கிவிட்டன.
அழகாக இருக்கிறது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள்.
நானும்.

மரிசெல் விதியை மீறவில்லை.
இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு
பெயர் கேட்டாள். கேட்கச் சொல்லியிருக்கிறோம்.
அவன் சொன்னான்: பொன்னுலிங்கம்.
ஆறு வருஷமாக ஃபோர்மேனும் மெஸ்காரனும்
கூப்பிடுவது அப்படித்தான்.
செத்துப்போன அப்பா இங்கே
கிரேன் ஓட்டுகிறார், சம்பளம் வாங்குகிறார்,
இப்போது டிரிப்ஸ் ஏறக் கிடக்கிறார்.

உறுதியா? என்றது திரை.
அந்த ராத்திரியில் அது நூற்று நாற்பதாவது உறுதியா.
பாராசிட்டமாலுக்கும் அதே சிவப்பு,
தலையணை உறை மாற்றினாலும் அதே சிவப்பு.
அவள் கட்டைவிரல்
படிக்காமலே 'சரி' சொன்னது.

ஊசி தோலைத் தொடும் முன்
கையை இழுத்துக்கொண்டான்.
"ஷுகர் தம்பிக்கு!"
பாதி இந்தி, பாதி அழுகை.
தப்பித்தது என் திரையால் அல்ல.

அறிக்கையில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு.
அதன் கீழே அவள் பெயரை
முழுசாக எழுதியிருந்தார்கள்,
நான்கு சொல், ஓரெழுத்தும் வெட்டாமல்.

இன்னொரு எச்சரிக்கைப் பெட்டி போடலாமே என்றார்கள் கூட்டத்தில்.
நூற்று முப்பதை எடுத்தெறியுங்கள்,
மீதிப் பத்து கத்தினால் காதில் விழும் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

நாலு இரவு மரிசெல் பின்னால் நின்றேன்.
பிறகு பெயரை இரண்டு வரியாக மடித்தேன்:
சொந்தப் பெயர் மேலே, தடித்து;
அப்பா கீழே.
ஒன்றுபோல் இரண்டு பெயர் வந்தால் மட்டும்
மஞ்சள் பட்டை, பிறந்த தேதி, முகம்.
கட்டம் உயர்ந்து,
பக்கத்துக்கு ஆறு நோயாளிகள் குறைந்துபோனார்கள்.
அசிங்கமாக இருக்கிறது என்றார் டைரக்டர்.
ஆமாம்.

டிஸ்சார்ஜ் அன்று மருந்து கவுன்ட்டரில்
டோக்கன் பலகை கூப்பிட்டது:
பொன்னுலிங்கம்.
இருவரும் எழுந்தார்கள்.
அது வேறு கம்பெனியின் திரை.
யாரிடம் பேசவேண்டும் என்று கேட்டபடி
மூன்றாவதாக
நானும் எழுந்தேன்.