வளையம் இரண்டு, பாக்கி

எட்டாம் தேதியே தனகோட்டி போன் செய்துவிட்டார்.
"ரெண்டு வளையம். போன வருஷ சைஸ்தான்.
பில்லு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடலாம்மா."
போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

ஆனியின் கடைசி முகூர்த்தம்.
சம்பங்கி கிலோ முந்நூற்று இருபது,
செவ்வந்தியைக் கேட்கவே வேண்டாம்.
நேதாஜி மார்க்கெட்டில்
மூன்று கல்யாண வீட்டோடு மல்லுக்கு நின்று
செத்தவர்களுக்கான பூவை வாங்கி வந்தேன்.

மூங்கில் வளையத்தில் வைக்கோல் சுற்றி
வாழைநாரால் இறுக்கி
பதினொன்றுக்கு உட்கார்ந்தால்
ஒன்று முடிய மணி இரண்டாகும்.
கோட்டைக்குள் அவர்கள்
விழித்துக்கொண்டு படுத்திருந்த நேரம்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு. இதே தேதி.
தெருவில் இப்போது ஒரு நாய்,
பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு லாரி.

ரிப்பன் எழுத முனவ்வர் வந்தான்.
வெள்ளை நாடா, தங்கப் பெயின்ட்.
ஒன்றில் 'மாவட்ட நிர்வாகம்',
ஒன்றில் 'முன்னாள் படைவீரர்கள்'.
"செத்தவங்க பேரு போட மாட்டாங்களா அக்கா?"
"யாருக்குடா தெரியும்."
"மொத்தம் எத்தினி பேரு?"
முந்நூற்றைம்பது என்கிறது நோட்டீஸ்.
எண்ணூறு என்றார் போன வருஷம் மைக்கில் பேசியவர்.
நாங்களும் பூவை எண்ணி வாங்குவதில்லை,
நிறுத்துத்தான் வாங்குகிறோம்.

வருஷா வருஷம் கேட்டு எனக்கும் மனப்பாடம்:
நெற்றியில் நீறோ நாமமோ கூடாது,
தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது,
தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த தொப்பி.
"ஒரு தொப்பிக்கா இவ்ளோ?"
கூட்டத்தில் ஒரு பையன் சிரித்தான் ஒருமுறை.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் காரியத்தன்று
அணைக்கட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார்
ஈரத்துணியோடு என் நெற்றிக்கு வந்தாள்.
கையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர்.
காலடியில் கோழிக்கொண்டைக் கூடை இருந்தது.
எட்டி உதைத்தேன்.
வாசலெல்லாம் சிவப்பு.
மாசி பதினேழு, வியாழக்கிழமை.
அந்தத் தேதி வேறு யாருக்கும் தெரியாது.
அன்றைக்கு மட்டும்
பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைப்பேன்.

பத்தாம் தேதி காலை, மக்கான் சந்திப்பு.
ஆரணி பஸ் ஏழு நிமிஷம் நின்றது.
துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்த போலீஸ்காரர்கள்,
தூணைச் சுற்றிப் புதுச் சுண்ணாம்பு,
ஒரு அதிகாரியின் செருப்பைக்
கையில் வைத்துக்கொண்டு நின்ற டிரைவர்.
ஒரு நிமிஷ மௌனத்தை
ஆம்புலன்ஸ் ஒன்று பாதியில் கிழித்துப் போனது.
யாரும் குறை சொல்லவில்லை.

மிச்சம் ஒரு பிடி சம்பங்கி இருந்தது.
மதியம் கோட்டைக்குள் எடுத்துப் போனேன்.
அன்றே பிடித்து வரிசையாய் நிறுத்திச் சுட்டார்களாமே,
அது எந்தச் சுவர்?
காவல்காரர் தலையைச் சொறிந்தார்.
"அஞ்சு மணிக்குள்ள வெளிய வந்துடும்மா."

வெள்ளைக்காரர்களுக்குக் கல்லறை இருக்கிறது,
அதில் எழுத்தும் இருக்கிறது.
இந்தப் பக்கம் சுவரில் ஆணியால் கீறியவை:
பிரவீணா, அம்பு போட்ட இதயம், லோகு,
ஆம்பூர் அஸ்லம் 2011,
யாரோ அடித்துவிட்ட ஒரு சுமதி.
கைக்கு எட்டும் உயரமெல்லாம் பெயர்.
எட்டாத உயரத்தில் வெறும் கருங்கல்.
சம்பங்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அகழியில் போட்டேன்.
ஒரு மீன் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆறு மணிக்குத் தூணடியில்
வெள்ளாடு ஒன்று செவ்வந்தியைத் தின்றுகொண்டிருந்தது.
'நிர்வாகம்' வாயில் தொங்கியது.
விரட்டவில்லை.
அது தின்று முடிக்கும்வரை நின்று
மூங்கில் வளையம் இரண்டையும்
தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.
பத்தொன்பது வருஷ மூங்கில்,
இன்னும் வளையவில்லை என்று சொல்ல வந்தேன்;
வளைந்திருப்பதுதானே அதன் வேலை.

தனகோட்டிக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.