கேட்க மாட்டேங்குது

விடியுமுன் நெல்பேட்டையில்
எனக்கென்று எடுத்து வைத்திருப்பார் அபுதாகிர்:
"டீச்சர், உசிலம்பட்டிக் கிடா. புழு கெடக்கு நெறைய."
நான்காம் இரைப்பையைத் தூக்குவாளியில் போட்டு
சூடு ஆறாமல் துண்டு சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு நாகமலைக்குப் பஸ் ஏறுவேன்.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்,
"என்னக்கா, ரத்தப் பொரியலா?"
இல்லை,
அதைக் குடிக்கிறவர்கள்.

தட்டில் கொட்டினால்
கோயில் மதிலைத் துணிபோல முறுக்கிப் பிழிந்த மாதிரி
வெள்ளையும் காவியுமாய் நெளியும்.
வெள்ளை அதன் கருப்பை.
காவி, ஆட்டிடம் திருடியது.

திருடிய ரத்தத்தை நறுக்கிச் செரிக்க
ஒரு நொதி. அந்த நொதியைச் சொல்லித்தர
ஒரு மரபணு.
அதன் சொல்லையே இரட்டை இழையாகத் திரித்து
புழு ஊறும் நீரில் கலந்தேன்.
பகையென்று நினைத்துக்கொண்டு
தன் வாக்கியத்தைத் தானே கிழித்துப்போடும்.

ஒன்று என்ன வேலை பார்க்கிறது என்றறிய
அதன் வாயை அடைத்துப் பார்ப்பது.
(போன மாசம் மூன்று நாள் நான் பேசாமல் இருந்தேன்.
சிலிண்டருக்கு யார் பதிகிறார்கள் என்பது
அப்போதுதான் தெரிந்தது ராஜவேலுக்கு.)

ஒப்பிட இன்னொரு குழாய்.
அதில் ஏதோ கடலின் ஜெல்லிமீன் சொல்.
புழுவுக்கு அதில் ஒரு அர்த்தமும் இல்லை.

மூன்றாம் நாள்
ஜெல்லிமீன் குழாயில் குடல்கள் பழுத்துக் கறுத்தன.
வாயடைத்தவற்றில்
குடித்த ரத்தம் குடித்த நிறத்திலேயே நின்றது.
நோட்டில் தேதி போட்டு இரண்டு கோடு இழுத்தேன்.
பேனா கிழித்துவிட்டது தாளை.

அடுத்த வாரம்
அதே அளவு, அதே சூடு
(நடுவில் நாற்பது நிமிஷம் கரண்ட் இல்லை).
எல்லாக் குடலும் கறுப்பு.
கரண்ட்தான் காரணம் என்று நினைத்தேன்.
அதற்கடுத்த வாரம் கரண்ட் போகவில்லை.
அப்போதும் கறுப்பு.
அடைத்த வாய்க்குப் பக்கத்தில்
அதன் அக்காளோ தங்கையோ
பேச ஆரம்பித்துவிட்டாளா?
இல்லை, முன்பே செய்து வைத்த நொதி
இன்னும் தீரவில்லையா?

அந்நேரம் பார்த்து செக்கானூரணி ஒச்சப்பன் போன்.
"ஆறு உருப்படிக்குத் தாடை வீங்கிருச்சு தாயி.
மருந்து ஊத்தியாச்சு.
கேக்க மாட்டேங்குது."

எனக்கும்தான் அண்ணே, என்று
நுனிநாக்கு வரை வந்தது.
கண்ணிமையை இழுத்துப் பாருங்க, வெளுத்திருக்கா என்றேன்.
அவர் போய்ப் பார்க்கும்வரை
போனில் காற்றும் மணியும்
ஒரு குட்டியின் இருமலும்.
"சுண்ணாம்பாட்டம் இருக்கு."

தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
அபுதாகிருக்கு ஒரு மெசேஜ்:
நாளைக்கு ரெண்டு வேணும்.