உதாரணங்களுடன் விளக்குக

தபாலில் வந்த தத்துவப் பாடத்தில்
மூன்றாம் அலகு முழுக்கக் குடம்.
குடம் உண்டு, குடம் இல்லை,
குடம் துணி அன்று, துணி குடம் அன்று.
ஆயிரம் வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள்
ஒரு குடத்தை வைத்துக்கொண்டு.
எங்கள் வியாசர்பாடியில் அவ்வளவு நாள் ஆகாது,
லாரி வந்தால் பத்து நிமிஷம்.

விடியற்காலை நாலு மணிக்கு
பச்சைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
படிக்க உள்ளே போவேன்.
அதன் கழுத்தில் நகப்பூச்சால் ‘ரூபா’ என்றிருக்கும்.
எனக்கு முன்னால் ஒரு செங்கல்,
அறுந்த செருப்பு ஒன்று,
பிடி இல்லாத பெயின்ட் வாளி.
எல்லாம் ஆட்கள்.

“ஆளு எங்க? ஆள் இல்லாத கொடத்த ஓரமா தள்ளு.”
“கொடம் கீதில்ல? அப்ப ஆளும் கீது.”
பரிமளா சொன்னதுதான் அனுமானம்.
மலையில் புகை, ஆகவே மலையில் நெருப்பு என்று
புத்தகம் அதை நாலு பக்கம் நீட்டுகிறது.
அந்த மலையும் இங்கேதான், கொடுங்கையூரில்,
மாநகரம் தின்று போட்டதெல்லாம் சேர்ந்து வளர்ந்தது.
காற்று இந்தப் பக்கம் திரும்பும் இரவில்
நெருப்பை நாங்கள் அனுமானிப்பதில்லை.
இருமுகிறோம்.

கயிற்றைப் பாம்பென்று பயந்தவன் கதை
எல்லா மடத்திலும் ஒரே கதை.
விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போகும்,
பயம் போகும், அறிவு வரும்.
போன ஐப்பசி மழையில், முழங்கால் தண்ணீரில்
எபநேசர் மிதித்தது
பாம்பும் இல்லை, கயிறும் இல்லை.
பால் பாக்கெட் கிரேட் தலையில் இருந்தது.
தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
மூன்றாவதாக ஒன்று கிடக்கலாம் என்று
ஆச்சாரியர்களுக்குத் தோன்றவில்லை.
அவர்கள் காலத்தில் மின்வாரியம் இல்லை என்று
அவர்களை மட்டும் மன்னிக்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் பரீட்சை.
கேள்வி ஒன்பது: இன்மையின் வகைகளை
உதாரணங்களுடன் விளக்குக. பத்து மதிப்பெண்.

முன்னின்மைக்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு.
வனையாத குடம் என்று எழுதினேன், பாடத்தில் உள்ளபடி.
அழிவின்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது.
உடைந்த குடம் என்று எழுத வேண்டும்.
பிளாஸ்டிக் எங்கே உடைகிறது,
விரிசல் விட்டால் சோப்பு வைத்து அடைக்கிறோம்.
ஆகவே மில் என்று எழுதினேன்.
மூடிய தேதி உண்டு. சுவரை இடித்தார்கள்,
புகைபோக்கியை இடித்தார்கள்,
சங்கை யார் எடுத்துப்போனார்கள் தெரியவில்லை.
அதற்கெல்லாம் பிறகு பிறந்த என் தம்பி மகன்
பகல் பன்னிரண்டை
சங்கு ஊதும் நேரம் என்கிறான்.

ஒன்றினொன்றின்மைக்கு: குடம் துணி அன்று.
எம்.சி. ரோடு கடையில் பத்து மணி நேரம்
துணி மடிக்கிறவள்
அதற்கு மேல் என்ன விளக்குவது.
என்றுமின்மைக்கு வேறொன்று
பேனா முனைவரை வந்தது.
முயல்கொம்பு என்றே எழுதினேன்,
பாஸாக வேண்டுமே.

திரும்பியபோது லாரி வந்து போயிருந்தது.
நனைந்த தெருவில் என் இடத்தில்
காய்ந்த ஒரு வட்டம்.
தரையில் குடம் இல்லை என்பதைக்
கண்ணால் காண முடியுமா என்றுதான்
இரண்டு கட்சியும் மோதிக்கொண்டார்கள்.
முடிகிறது.
குடத்தின் அடி அளவுக்கு, சரியாக.

என் கதவோரம் நிறைந்து நின்றது குடம்,
வாயில் ஒரு எவர்சில்வர் தட்டு.
“இன்னா, எழுதிட்டியா?” பரிமளா.
“கொடத்தப் பத்திக் கேட்டாங்க.”
“அதப் போயி பேப்பர்ல கேக்கறாங்களா!
இங்க வந்து நின்னு பாக்கச் சொல்லு.”

யார் கை உரசியதோ,
ரூ போயிருந்தது. பா இருந்தது.
இடுப்பில் தூக்கி வைத்தேன்.